தடைக்காலம் முடிந்ததும் பழைய பூட்ஸைத் தேற்றிய கதை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது ஓய்வு, எங்களுக்கோ மூச்சு விட நேரமில்லாத காலம். படகுகளைக் கரை ஏற்றி எஞ்சின் இறக்குவது, ஷாப்ட் கழற்றுவது, புரொப்பல்லர் மாற்றுவது என்று வருடத்தின் பாதி வேலை அந்த இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். எஞ்சின் அறையின் அடியில் எப்போதும் உப்புத் தண்ணீரும் டீசலும் கலந்து கணுக்கால் அளவுக்கு நிற்கும். அதில் செருப்போடு இறங்கிக் காலைக் கிழித்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பூட்ஸ் இல்லாமல் நான் இறங்குவதில்லை.

என்னுடைய பூட்ஸ் 2016இல் சென்னை பெரியமேட்டில் வாங்கியது. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது, கணுக்கால் வரை உயரம், நல்ல தடிமனான மாட்டுத் தோல். அடிப்பாகமான சோலை வெறுமனே ஒட்டாமல் ஓரத்தில் வார் வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த ஓரத் தையலைப் பார்த்துத்தான் அன்றைக்கு என் கணக்கை மீறிக் காசு கொடுத்தேன். எட்டு வருடம் குறை சொல்லாமல் உழைத்தது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு. கட்டிலுக்கு அடியில் இருந்த பூட்ஸ் இரண்டு நாள் வண்டல் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் நான் செய்தது பெரிய தவறு. மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். மழை ஓய்ந்த பிறகு அடித்த வெயில் சுள்ளென்று இருந்தது. இரண்டே நாளில் பூட்ஸ் கருவாடு போல விறைத்துவிட்டது. அதை மென்மையாக்குவதாக நினைத்துத் தேங்காய் எண்ணெயைக் கை நிறைய ஊற்றித் தடவினேன். இரண்டு வாரம் குழைவாக இருந்தது. அப்புறம் பழையபடி விறைப்பு, போதாததற்கு மேலெல்லாம் பிசுக்கும் தூசியும். அதே நிலையில் 2025 தடைக்காலம் முழுவதும் போட்டு உழைத்தேன். ஜூன் முடிவில் பார்த்தால் விரல் மடங்கும் இடத்தில் இரண்டு பூட்ஸிலும் குறுக்கே வெடிப்பு. வெடிப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு.

புதிது வாங்கப் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் தையலும் இந்தத் தோலும் அதே விலைக்கு இப்போது கிடைப்பதில்லை. தோல் செத்துவிட்டதா, பசித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது தோலை அல்ல, சோலை. இதை எல்லோருக்கும் சொல்வேன். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மூன்று வருடத்துக்கு முன் வாங்கி, அதிகம் போடாமல் பரணில் வைத்திருந்த பூட்ஸை எடுத்து மாட்டினார். நாலு அடி நடப்பதற்குள் சோல் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. மேல்தோல் புத்தம் புதிதாக இருந்தது. அது பாலியூரிதேன் சோல். காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பொருளின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும் அறுக்கும். கடற்கரை ஊரில், வருடம் முழுக்க ஈரக் காற்று வீசும் இடத்தில், அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்படிப்பட்ட பூட்ஸுக்கு மேலே எத்தனை மெழுகு தடவினாலும் பயனில்லை. கட்டை விரல் நகத்தால் சோலின் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து, எடுத்ததும் துகள் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். என்னுடையது நைட்ரைல் ரப்பர். டீசலுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. குதிகாலில் தேய்மானம் இருந்தது, மற்றபடி திடமாகத்தான் இருந்தது.

அடுத்தது இரும்புத் தொப்பி. எடை ஏதாவது விழுந்து நசுங்கியிருந்தால் அந்த பூட்ஸைத் தேற்றக் கூடாது, ஒரு அடி தாங்கிய தொப்பி அடுத்த அடியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். வளைவு மாறவில்லை, துருச் சொரசொரப்பும் இல்லை.

பிறகு தோல். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் வெட்டு விளிம்பைப் பிளேடால் ஒரு நூலளவு சீவினேன். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம். அப்படியானால் குரோம், அதாவது குரோமியம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெரும்பாலும் இந்த முறைதான். ஆவாரம் பட்டை, வேல மரப் பட்டை, கடுக்காய் என்று போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் விளிம்பு முழுக்கப் பழுப்பாக இருக்கும். என் பூட்ஸில் உள் அடித்தோல் மட்டும் அப்படிப் பழுப்பு. குதிகால் ஆணிகள் இருக்கும் இடத்தில் அது கறுத்துப் போயிருந்தது. அழுகல் என்று முதலில் பயந்தேன். அது அழுகல் அல்ல. பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்தால் கறுக்கும், கடுக்காயையும் இரும்பையும் வைத்து மை காய்ச்சியதும் இதே வழியில்தான். எங்கள் துறைமுகத்தில் வயதான ஒருவரிடம் இதைச் சொன்னபோது, நைலான் வருவதற்கு முன் பருத்தி வலைகளை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து எடுத்த காலத்தை நினைவுபடுத்தினார். வலை மக்காமல் இருக்க அவர்கள் ஏற்றியதும் தோல் மக்காமல் இருக்கப் பதனிடுகிறவர்கள் ஏற்றுவதும் ஒரே துவர்ப்புதான்.

கழுவுவதற்கு முன் ஒரு சோதனை செய்து வைத்தேன். வீட்டில் மனைவி முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறாள், அதற்கு ஒரு மின்னணுத் தராசு உண்டு. அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துத் தந்தாள். வலது பூட்ஸ் 905 கிராம். அகலமான பேசினில் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அதில் பத்து நிமிடம் நிற்க வைத்தேன். எடுத்துத் துடைத்து நிறுத்தால் 976. பத்து நிமிடத்தில் 71 கிராம் தண்ணீரைக் குடித்திருக்கிறது. இந்த எண் கையில் இல்லாவிட்டால் பிறகு நான் செய்த எதுவும் பலித்ததா இல்லையா என்று எனக்கே தெரிந்திருக்காது.

சரி, கழுவுவது. என் அனுபவத்தில் இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். எண்ணெயும் மெழுகும் கடைசிக் கால் பங்கு. எங்கள் ஊரில் பூட்ஸைக் கொல்வது மழைத் தண்ணீர் அல்ல, உப்பு. கடல் தண்ணீர் உப்பு ஒரு பக்கம், கால் வியர்வை உப்பு இன்னொரு பக்கம். தோல் என்பது நார் நாராகப் பின்னிய பொருள். அந்த நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவதற்காகத்தான் பதனிடும்போதே எண்ணெய் ஏற்றுகிறார்கள். தண்ணீரில் கரைந்து உள்ளே போன உப்பு, காயும்போது நார்களுக்கு நடுவே படிகமாக நிற்கும். அதோடு நடந்தால் மடிப்பில் ஒவ்வொரு அடிக்கும் நார் அறுபடும். அதன்மேல் எண்ணெய் தடவினால் உப்பு உள்ளேயே சிறைப்படும். டிசம்பரில் நான் செய்தது அதைத்தான்.

துணி சோப்பு கூடாது. அது காரம், தோலோ லேசான புளிப்பு இயல்புள்ளது. காரம் பட்டால் உள்ளே இருக்கும் எண்ணெயும் கழன்றுவிடும். நான் பூந்திக்கொட்டை எடுத்துக்கொண்டேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கொட்டையை நீக்கி, பத்துத் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் பிசைந்து வடிகட்டினால் நுரை பொங்கும். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் போடுகிற அதே தண்ணீர். சீயக்காயும் ஆகும், ஆனால் எத்தனை முறை வடிகட்டினாலும் தூள் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

லேஸைக் கழற்றி, உள் அட்டையை எடுத்துவிட்டு, காய்ந்த சேற்றை முதலில் பிரஷால் உதிர்த்தேன். அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷை நுரையில் தோய்த்து, ஓரத் தையல் நெடுகத் தேய்த்தேன். வண்டல் வந்துகொண்டே இருந்தது. ஏழு மாதம் கழித்தும் தென்பெண்ணை மண் அந்த இடுக்கில் இருந்தது. வெளிப்பக்கம் முடிந்ததும் உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி அளவு ஊற்றி, கையால் வாயைப் பொத்திக் குலுக்கிக் கொட்டினேன். உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முறை கொட்டும் தண்ணீரிலிருந்தும் சில சொட்டு எடுத்துக் கறுப்புப் பாலித்தீன் தாளில் விட்டுக் காய வைத்தேன். முதல் சொட்டு காய்ந்த இடத்தில் கனமான வெள்ளை வட்டம். மூன்றாவதில் மெல்லிய கோடு. ஐந்தாவதில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அதோடு நிறுத்தினேன்.

உலர்த்துவதில் அவசரம் கூடவே கூடாது. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பக்கவாட்டில் படுக்க வைத்தேன். நிமிர்த்தி வைத்தால் சோலின் அடி காயாது. முதல் நாள் நாலு மணிக்கு ஒரு முறை தாளை மாற்றினேன். எடை இப்படி இறங்கியது: கழுவி வடித்ததும் 1180, மறுநாள் 1015, அதற்கு அடுத்த நாள் 930, பிறகு 896, 888, 887. இரண்டு நாள் தொடர்ந்து ஏறக்குறைய ஒரே எடை நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்திருந்தால் மூன்றாம் நாளே எண்ணெய் போட்டிருப்பேன், உள்ளே ஒன்பது கிராம் தண்ணீர் மாட்டியிருக்கும். கணக்குப் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்த 905இல் 18 கிராம் அழுக்கும் உப்பும் பழைய எண்ணெயும்.

இரண்டாம் நாள் மடிப்பில் மறுபடி வெள்ளை பூத்தது. வெள்ளை என்றால் எல்லாம் ஒன்றல்ல. பூஞ்சையாக இருந்தால் பஞ்சு போல இருக்கும், மக்கல் வாடை வரும், துடைத்தால் மொத்தமாக வந்துவிடும். கொழுப்பு வெளியே பூத்திருந்தால் தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டியதும் உருகி மறையும். உப்பு சூட்டுக்கு அசையாது, ஈரத் துணி பட்டதும் கரையும். என்னுடையது ஈரத் துணிக்குத்தான் கரைந்தது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தை மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மூன்று முறை. பிறகு பூக்கவில்லை.

காய்ந்ததும் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் பெரியவரிடம் கொண்டு போனேன். இடது பூட்ஸில் சுண்டு விரல் பக்கம் ஓரத் தையல் நாலு அங்குலத்துக்கு விட்டிருந்தது. அவர் வாங்கி, மடித்துப் பார்த்து, மூக்கருகே வைத்து மோந்தார்.

"தம்பி, இதுக்கு எண்ணெய் போட்டியா?"

"போன டிசம்பர்ல போட்டேன் ஐயா. இப்ப கழுவிட்டேன். இன்னும் போடலை."

"நல்ல வேளை. எண்ணெய் ஏறுன தோல்ல சொலூசன் நிக்காது. எங்கிட்ட வர்றவங்க எல்லாம் நல்லா எண்ணெயத் தடவி மினுமினுன்னு கொண்டு வந்து, இதை ஒட்டுங்கன்னு குடுக்குறாங்க. நான் எதுல ஒட்டுறது?"

இது எனக்குப் புதிது. வேலையின் வரிசையே இதனால் மாறுகிறது. கழுவு, காய வை, தை, ஒட்டு, அதற்குப் பிறகுதான் எண்ணெய். இடது வெடிப்புக்கு உள்பக்கம் மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஓரம் சீவி ஒட்டினார். ஒட்டும் இடத்தை முதலில் அரத்தால் சுரண்டினார், இரண்டு பக்கமும் சொலூசன் தடவிப் பத்து நிமிடம் காய விட்டார், பிறகுதான் சேர்த்துத் தட்டினார்.

தையலை அவர் போட்ட விதத்தை நின்று பார்த்தேன். தடிமனான நைலான் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் அழுத்தி இழுத்தார், மூன்று தடவை. குத்தூசியோ நூலை விட மெலிசு. ஏன் என்று கேட்டேன். "ஊசி போற ஓட்டைய நூலு அடைக்கணும். ஓட்டை பெருசா போயி நூலு சின்னதா இருந்தா, தண்ணி அந்த வழியாத்தான் வரும். தோல் வழியா வர்றது கொஞ்சம், தையல் வழியா வர்றதுதான் மொத்தமும்" என்றார். பழைய துளைகளிலேயே போட்டார், புதுத் துளை குத்தவில்லை. புதிதாகக் குத்தினால் வார் கிழிகிற இடம் கூடிவிடும் என்றார். முக்கால் மணி நேர வேலைக்கு 150 ரூபாய் கேட்டார். 200 கொடுத்தேன். அது போதாது என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

எண்ணெய்க்கு வருவோம். நான் போட்டது செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய். மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்தில், தண்ணீர் அள்ளும் சாலின் அடியில் தைத்திருந்த தோல் வாலுக்கு விளக்கெண்ணெய்தான் போடுவோம் என்று என் பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்த தோல் அது. விளக்கெண்ணெய் எத்தனை நாளானாலும் காய்ந்து படலமாக மாறாது. கெட்டியாக இருப்பதால் போட்ட இடத்திலேயே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும், தோலுக்கு ஆகாது. நல்லெண்ணெய் சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் தண்ணீர் மாதிரி ஓடும், நம் ஊரில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது அப்படித்தான் இருக்கும். தடவிய இடத்தை விட்டு இறங்கித் தையலிலும் ஒட்டிலும் போய்ச் சேரும்.

அளவு முக்கியம். ஒரு பூட்ஸுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி. எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் கை பொறுக்கும் சூடாக்கி, பழைய பனியன் துணியில் தொட்டு, மடிப்பிலிருந்து ஆரம்பித்து மெல்லிசாகத் தேய்த்தேன். ஒரு நாள் விட்டு இன்னொரு தேக்கரண்டி. நிறம் இரண்டு மடங்கு கறுத்தது, மூன்றாம் நாள் பாதி திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் போடலாமே என்று கை துடிக்கும், விடக் கூடாது. அளவு மீறிய எண்ணெய் தோலைத் தொளதொளவென்று ஆக்கும், சோல் ஒட்டையும் இளக்கும். எடை 887இலிருந்து 896. போட்ட பத்து மில்லியும் உள்ளேதான் இருக்கிறது என்று தராசு சொன்னது.

வெடிப்பு மூடிக்கொள்ளவில்லை. மூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுந்த நார் அறுந்ததுதான். எண்ணெய் செய்வது மிச்சமிருக்கும் நார் அறுபடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அதனால் நான்கு வெடிப்பு முனைகளிலும் பால்பாயிண்ட் பேனாவால் சின்னக் கோடு போட்டு வைத்தேன்.

மெழுகில் முதல் முறை தோற்றேன். கையிலிருந்த பெட்ரோலியம் ஜெல்லியையும் விளக்கெண்ணெயையும் தேன்மெழுகோடு சேர்த்து உருக்கினேன். ஆறியதும் மேலே எண்ணெய் துளித்துளியாக வியர்த்தது. விளக்கெண்ணெய் இந்த மாதிரிக் கனிம எண்ணெய்ச் சரக்கோடு சரியாகக் கலக்காது. அதை வண்டிச் சங்கிலிக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாம் முறை 50 கிராம் தேன்மெழுகு, 100 மில்லி விளக்கெண்ணெய், பூஞ்சைக்காக அரைத் தேக்கரண்டி வேப்பெண்ணெய், இவை மட்டும். ஒன்றுக்கு இரண்டு என்ற இந்த அளவு நம் வெயிலுக்குப் பொருந்துகிறது. இதை விட எண்ணெய் கூடினால் மதிய நேரத்தில் டப்பாவிலேயே குழைந்துவிடும்.

தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. வாங்கும்போது ஒரு துணுக்கை விரலில் வைத்துப் பிசையுங்கள். நல்லது உடல் சூட்டுக்கே இளகும், தேன் வாசம் லேசாக வரும். மெழுகுவர்த்திச் சரக்கு கலந்திருந்தால் பொடிப்பொடியாக உதிரும். வர்த்தி மெழுகும் தண்ணீரைத் தடுக்கும்தான், ஆனால் மடங்குகிற இடத்தில் விரிசல் விட்டுவிடும்.

உருக்குவது வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மட்டுமே. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், நேரடித் தீ தேவையே இல்லை. நேரடியாக வைத்தால் புகைந்து பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க முடியாது என்பதால் பழைய பால் பவுடர் டின்னை எடுத்துக்கொண்டேன்.

தடவும் முன் காலை ஒன்பது மணி வெயிலில் பூட்ஸைக் கால் மணி நேரம் வைத்தேன். வெயில் கூடாது என்று சொல்லிவிட்டு இப்போது வைப்பது ஏன் என்றால், இப்போது தோல் முழுக்கக் காய்ந்திருக்கிறது, எண்ணெயும் உள்ளே இருக்கிறது. ஈரத்தோடு சூடு சேரும்போதுதான் தோல் சுருங்கும். கை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவு போதும். விரலாலேயே மெழுகைத் தடவினேன். துணி பாதியைக் குடித்துவிடும். ஓரத் தையல், நாக்கும் பக்கத் தோலும் சேரும் மடிப்பு, குதிகால் பட்டைத் தையல், இங்கெல்லாம் பல் பிரஷால் அழுத்தி ஏற்றினேன். முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டியதும் மெழுகு உள்ளே இறங்கி மறைவது கண்ணுக்குத் தெரியும். மறைந்த இடத்தில் இன்னொரு பூச்சு. மறுநாள் மூன்றாவது, தையலுக்கு மட்டும். கடைசியில் பிரஷால் தேய்த்து மேலே நிற்கும் மெழுகை எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் துறைமுகத்து மண் முழுக்க அதில் ஒட்டும்.

லேஸ் வளையம் ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே மெழுகு போடவில்லை. உள்பக்கமும் போடவில்லை. குளிர் நாட்டு வழிமுறைகளில் மேலிருந்து கீழ்வரை அப்பச் சொல்வார்கள், பனியில் நடக்கிறவர்களுக்கு அது சரி. நமக்கு எஞ்சின் அறைக்குள் கால் ஊற்றாக வியர்க்கும். அந்த ஈரம் ஆவியாக வெளியேற மேல்பாதித் தோல் திறந்திருக்க வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் வெளித் தண்ணீர் வராமல், உள் தண்ணீரும் உப்பும் போகாமல், பூட்ஸ் உள்ளிருந்து மக்கும். இந்த ஊரில் தண்ணீரைத் தடுப்பதைப் போல இரண்டு பங்கு அக்கறை தண்ணீரை வெளியே விடுவதில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுபடி பேசின். இந்த முறை பத்து நிமிடம் அல்ல, அரை மணி. உள்ளே செய்தித்தாள் விரித்து வைத்தேன். வலது பூட்ஸ் 14 கிராம் ஏறியது, தாள் காய்ந்தே இருந்தது. இடதில் சுண்டு விரல் பக்கம் ஒரு ரூபாய்க் காசளவு ஈரம். பெரியவர் தைத்த இடம் அல்ல, அவர் தையல் முடிந்து பழைய தையல் தொடங்கும் இடம். காய வைத்து, அந்த ஒரு அங்குலத்துக்கு மட்டும் சூடு காட்டி மெழுகை இழுக்க விட்டேன், நாலு முறை. அடுத்த சோதனையில் 9 கிராம், தாளில் ஈரம் இல்லை.

ஐப்பசி மழையில் போட்டு உழைத்துவிட்டேன். எஞ்சின் அறைத் தண்ணீரில் இருபது நிமிடம் நின்று ஷாப்ட் சீல் மாற்றிய அன்று, சாக்ஸில் வியர்வை ஈரம் தவிர வேறில்லை. மழைத் தண்ணீர் தெருவில் கணுக்காலுக்கு மேல் நின்ற நாளில் மேல்வழியாகப் புகுந்துவிட்டது. அதற்கு எந்த மெழுகும் துணை இல்லை, அன்றைக்கு ரப்பர் கம் பூட்ஸ்தான். மடிப்பில் மெழுகு ஐந்து வாரத்தில் தேய்ந்து போனது, அங்கு மட்டும் மறுபடி போட்டேன். கடல் தண்ணீர் பட்ட நாளில் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, உள்ளே தாள் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கிறேன். இது இரண்டு நிமிட வேலை. தொடர்ந்து இரண்டு நாள் ஒரே பூட்ஸைப் போடாமல் பழைய இன்னொரு ஜோடியை மாற்றிப் போடுகிறேன், உள்ளே காய ஒரு நாள் தேவை.

வெல்டிங் இருக்கும் நாளில் இதைப் போடுவதில்லை. எண்ணெயும் மெழுகும் ஏறிய தோல், தீப்பொறி விழுந்தால் ஆபத்து. அதற்கு எதுவும் தடவாத வேறு பூட்ஸும் தோல் கால் உறையும் வைத்திருக்கிறேன். மின் வேலைக்கென்று வாங்கிய பூட்ஸுக்கும் இந்த வைத்தியம் செய்ய மாட்டேன்.

நேற்று பேனாக் கோடுகளைப் பார்த்தேன். வலது பூட்ஸில் வெடிப்பு இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டவில்லை. இடதில் வெளிப்பக்க முனை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் போயிருக்கிறது. புது முனையில் இன்னொரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.